பாக்கியத்தின் பிள்ளை, மாரியாயியின் காம்பரா

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாததால் நான் போக நேர்ந்த பயணம் இது. ஹட்டனிலிருந்து இறம்பொடைக்கு மேலே ஒரு தோட்டத்துக்கு, போன மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அடுத்தவர் பிள்ளையை எடுத்து வளர்க்கிற குடும்பங்களுக்கு ஒத்தாசை செய்ய யாராவது தோட்டப் பக்கம் கிளம்பினால், வழியும் செலவும் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். என் அசட்டுத்தனமும் கூடவே தெரிந்துவிடும். பரவாயில்லை, ஹட்டன் கடைவீதிக்கு அது புதுச் செய்தி இல்லை.

நான் அங்கே தையல் சொல்லிக்கொடுக்கிறவள். எங்கள் கோயில் பெண்கள் ஆறேழு பேர் சேர்ந்து, பெற்றோர் இல்லாத பிள்ளைகளையோ, பெற்றோர் பார்க்க முடியாமல் போன பிள்ளைகளையோ வைத்திருக்கும் வீடுகளுக்குப் பால்மா, சட்டை, சிலேட்டு என்று கொண்டுபோய்க் கொடுப்போம். ஆலோசனையும் கொடுப்போம். அதற்குச் செலவில்லை என்பதால் நான் கொஞ்சம் தாராளமாகவே கொடுப்பேன்.

அப்படித்தான் மாரியாயிக்கும் கொடுத்தேன். அவள் அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பராவில் இருந்த பாக்கியம் புருஷனை இழந்தவள். பாக்கியத்துக்குக் காசநோய் வந்து கண்டிப் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, அவளுடைய ஐந்து வயது மகள் செல்வியை மாரியாயி தன் ஒற்றை அறைக் காம்பராவுக்குக் கூட்டிக்கொண்டாள். ஒரு வருஷம் ஓடியது. தோட்டத்து ஆபீசில் வருஷா வருஷம் குடும்பப் பட்டியல் புதிதாக எழுதுவார்கள். வேலைக்கு வருகிற ஆளின் பேருக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்குத்தான் அரிசி. பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் பாலும் அந்தப் பிள்ளைக்குத்தான். பாக்கியம் வேலைக்கு வருவதில்லை, ஆகவே செல்வியின் பேர் விழப்போகிறது. தை மாதம் ஒரு கல்யாண வீட்டில் மாரியாயி இதைச் சொல்லி அழுதாள். நான் லட்டைக் கடித்துக்கொண்டே, "நீ பெத்த பிள்ளைன்னு எழுதச் சொல்லிடு. யாரு வந்து பாக்கப் போறாங்க?" என்றேன். அவளும் அப்படியே எழுதச் சொன்னாள். லயத்தில் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். யாரும் வந்து பார்ப்பதில்லை என்பதும் உண்மைதான், பெற்றவள் திரும்பி வரும்வரைக்கும்.

மாசியில் பாக்கியத்தைப் பார்க்கப் போனேன். இன்னும் மூன்று மாதத்தில் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "டீச்சரம்மா, செல்வி எம் பேருலதானே இருக்கா? எனக்கு வேற ஒண்ணும் மிச்சமில்லீங்க," என்றாள். அவளுக்கென்று வாங்கிப்போன பணிஸை அப்போது நான்தான் தின்றுகொண்டிருந்தேன். மிச்சத்தைப் பொட்டலத்தில் சுற்றி வைத்தேன். பாக்கியம் சொல்லச் சொல்ல நர்ஸ் ஒரு கடிதம் எழுதினாள். தான் வரும்வரை பிள்ளையை மாரியாயி வளர்க்கச் சம்மதம் என்று பாக்கியம் பெருவிரல் வைத்தாள். பட்டியல் புதன்கிழமை தோட்ட மேனேஜரான துரையின் கையெழுத்துக்குப் போகிறது என்று கேள்விப்பட்டதும், செவ்வாய்க்கிழமை நான் ரயிலடியில் நின்றேன்.

காலை 8.10க்கு ஹட்டனில் ரயில். நானுஓயாவுக்கு மூன்றாம் வகுப்பு எண்பத்தைந்து சதம், இருபத்திரண்டு மைல், ஒன்றரை மணி நேரம். வட்டவளையிலிருந்து ஏறி வந்த ஒரு ஜவுளிக்கடை அம்மாள் எனக்கு எதிரே இருந்தார். தலவாக்கலை வருவதற்குள் இரண்டு நிச்சயதார்த்தமும் வீட்டை விட்டு ஓடிப்போன சங்கதி ஒன்றும் சொல்லி முடித்தார். மூன்றாவது கதையை நான் ஆரம்பித்தேன், பொய் சொல்வானேன். நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஐந்து மைல், பஸ்ஸுக்கு இருபத்தைந்து சதம். சந்தைக்குப் பக்கத்தில் தேநீர் குடித்துக்கொள்ளுங்கள், அடுத்த பஸ் 10.45க்குத்தான்.

இறம்பொடைக்குப் பதினைந்து மைல், எழுபத்தைந்து சதம், எண்ணிலடங்காத வளைவு. என் கூடையில் நாலு பால்மா டின் இருந்தது. கண்டக்டர் ஒரு சிங்களப் பையன், தமிழ் நன்றாகவே பேசினான். "நோனா, டின்னை மடியில வைங்க. போன கிழமை ஒரு பூசணிக்கா உருண்டு டிரைவர் காலுக்குள்ள போயிட்டது." நான் டின்களைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டே போனேன். 12.10க்கு இறங்கி, இரண்டரை மைல் ஏற்றம். மாசியில் ரத்தம் குடிக்கிற அட்டை குறைவு. இருந்த இரண்டுக்கும் என்னைத்தான் பிடித்தது.

மாரியாயியை மலையிலேயே, கொழுந்துக் கூடையோடு பிடித்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மாறியது.

"நீங்கதானே டீச்சரம்மா சொன்னீங்க! இப்ப வந்து அத வெட்டச் சொல்றீங்க. பாலை யாரு குடுப்பா?"

"தப்பு என்னுது. ஆனா பாக்கியம் வந்து நிக்கிறப்ப, இவளப் பெத்தவ நான்னு அவ ஊரெல்லாம் சாட்சி தேடணும்."

"அவ வந்து கூட்டிட்டுப் போனா நான் என்ன பண்ணுவேன்?" என்றாள், இந்தத் தடவை மெதுவாக.

ஆலோசனைக்குப் பதிலாகக் கடிதத்தைப் பிரித்து வாசித்தேன். 'மாரியாயி இல்லாட்டி என் பிள்ளையே இல்லை' என்ற வரியை மறுபடி வாசிக்கச் சொன்னாள். "இத அவளா சொன்னா?" என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம். பட்டியலை அனுப்புவதற்கு முந்திய நாள் மாலை, கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஆபீஸ் கணக்கு எழுதும் கிளாக்கர் ஐயா உரக்க வாசிப்பார். தப்பிருந்தால் அங்கேயே, எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். நாலரை மணிக்கு வாசித்தார். "மாரியாயி. பிள்ளை ஒண்ணு. செல்வி."

நான் வாயைத் திறந்தேன். மாரியாயி என் கையில் நறுக்கென்று கிள்ளினாள். "நீங்க சும்மா இருங்க." பிறகு முன்னால் போனாள். "ஐயா, அது நான் பெத்த பிள்ளை இல்லீங்க. பெத்தது பாக்கியம். வளக்கிறது நான். ரெண்டையும் எழுதுங்க."

"அப்ப நேத்து வரைக்கும் யாரு பிள்ளையாம்?" என்று பின்னாலிருந்து ஒருத்தி சிரித்தாள்.

"நேத்தும் பாக்கியம் பிள்ளைதான்டி. உன் பிள்ளைக்கும் சேத்து நான்தானே மூக்குத் தொடச்சேன், பேசாம நில்லு!"

கிளாக்கர் ஐயா பேனாவைக் காதில் செருகினார். "ரெண்டுக்கும் இடமில்லையே. ஒரு கோடுதான் இருக்கு." நான் கடிதத்தை நீட்டினேன். இரண்டு தரம் வாசித்துவிட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதி, அதையும் உரக்க வாசித்தார்: "செல்வி, பாக்கியம் மகள். தாய் ஆஸ்பத்திரியில். மாரியாயி வளர்ப்பில், அரிசியும் பாலும் அவள் பேரில்." கடிதத்தைக் குண்டூசியால் குத்தி வைத்தார். அன்றிரவு மாரியாயி காம்பராவில்தான் தங்கினேன். புதன் காலை பதினொரு மணிக்குத் துரை ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டதை ஆபீஸ் வராந்தாவில் நின்று பார்த்தேன். இதற்காகவா ஒரு மாதம் பொய்யைச் சுமந்தோம் என்று இருந்தது.

நீங்கள் போவதாக இருந்தால் நான் சொல்வது இவ்வளவுதான். பெற்றவர் உயிரோடிருந்தால் முதலில் அவரிடம் போய்க் கடிதம் வாங்குங்கள், அவர் பேரை எந்தக் காகிதத்திலிருந்தும் எடுக்கவிடாதீர்கள். சரிகை வைத்த பாவாடை வேண்டாம், லயத்தில் துவைத்தால் காய நாலு நாள் ஆகும். பால்மாவும் கம்பளிச் சட்டையும் போதும். பிள்ளையைக் கொஞ்சுவதைவிட வளர்க்கிறவளோடு உட்கார்ந்து பேசுங்கள். அவளுக்குத்தான் பயம் அதிகம், கேட்பதற்குத்தான் ஆளில்லை. கல்யாண வீட்டில் ஆலோசனை சொல்லாதீர்கள்.

ஒரு வருஷமாக மாரியாயி செல்வியைத் தாயிடம் காட்டக் கூட்டிப் போனதே இல்லை. பார்த்தால் தன்னிடம் திரும்பி வரமாட்டாள் என்ற பயம். புதன்கிழமை என்னை பஸ் ஏற்றிவிட இருவரும் இறம்பொடை வரை வந்தபோது, "கண்டி பஸ்ஸு எத்தனை மணிக்குங்க?" என்று மாரியாயி தானாகவே கேட்டாள். காலை 7.15க்கு. முப்பத்துமூன்று மைல், ஒரு ரூபா அறுபது, பிள்ளைக்கு அரை டிக்கெட். பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். முற்றத்தில் நின்று கூப்பிட்டால் பாக்கியம் மாடி வராந்தாவுக்கு வருவாள், தூரம், உரக்கக் கூப்பிட வேண்டும் என்று சொன்னேன்.

"என்னன்னு கூப்பிடணும்?" என்றாள் செல்வி.

"அம்மான்னு கூப்பிடு," என்றாள் மாரியாயி.

"அப்ப உங்களை?"

"என்னை எதுக்குடி கூப்பிடணும்? உன் கையைப் புடிச்சுக்கிட்டுத்தானே நிப்பேன்."