சோர்ட்வேவில் வந்த பெரட்டுத் தப்பு

சுவிஸில் ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடக் கூடாது. அது எனக்கும் தெரியும். ஆனால் என் பால்கனியிலிருந்து பின்பக்கத்து மரம் வரைக்கும் நான் இழுத்துக் கட்டியிருப்பது துணிக்கொடியல்ல, ரேடியோ கம்பி என்பது கீழ்வீட்டு அம்மாவுக்குத் தெரியாது. ஒரு ஞாயிறு கதவைத் தட்டி, இன்றைக்கு எதையும் தொங்கப்போட்டுவிடாதீர்கள் என்று மிக மரியாதையாகச் சொன்னார். இதில் நான் தூரத்துத் தீவுகளைப் பிடிக்கிறேன் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். மீன் பிடிக்க அனுமதிச் சீட்டு வேண்டுமே என்று கவலைப்பட்டுக்கொண்டே இறங்கிப் போனார்.

தேயிலைத் தோட்டத்து ஊரான பொகவந்தலாவையில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இங்கே தட்டுக் கழுவினேன், பிறகு சமைத்தேன், பிறகு அந்தச் சாப்பாட்டுக் கடையையே வாங்கினேன். பெருமைதான், ஆனால் இரவல் பெருமையல்ல. கடையை மகளிடம் விட்டபிறகு சோர்ட்வேவில், அதாவது சிற்றலை ரேடியோவில், தூரத்து நிலையங்களைத் தேடிக் கேட்பதே எனக்குத் தொழில். கேட்டால் மட்டும் போதாது. எந்த அலைவரிசை, எத்தனை மணி, என்ன நிகழ்ச்சி என்று எழுதி அனுப்ப வேண்டும். கேட்டது மெய்தான் என்று பட்டால் நிலையத்தார் உறுதி செய்து ஓர் அட்டை அனுப்புவார்கள். என் கூடத்துச் சுவரில் இல்லாத தீவைக் கடலில்தான் தேட வேண்டும். அங்கே குறையாக இருந்தது ஒன்றே ஒன்று. வருடத்தில் ஒரு நாள் மட்டும் வெளியுலகத்துக்கு ஒலிபரப்புகிற சின்னத் தீவு அது. பெயரை எழுதமாட்டேன். அங்கே இருப்பவர்கள் கலியாண வீட்டுக்காரர்கள், காரணம் பிறகு விளங்கும்.

போன குளிர்காலத்தில் ஒரு மாலை அது கிடைத்தது. இரைச்சலுக்குள்ளே ஒரு மனிதர் ஆங்கிலத்தில் பேசினார். பிறகு மேளம் என்று எதையோ அடித்தார்கள். எனக்கு விளங்கியபோது நான் நாற்காலியில் இல்லை. நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். கால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

அது பெரட்டுத் தப்பு, தோட்டத்து ஆட்களை வேலைக்குக் கூட்ட அடிக்கிற பறை. விடியுமுன், ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்து வாசலில் அடிப்பார்கள். முதலில் நின்று நின்று விழும், பிறகு விரட்டும். அந்த விரட்டல் முடிவதற்குள் ஆட்கள் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும், பிந்தினால் அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் இல்லை. அம்மா வாயில் போட்ட ரொட்டியை மென்றுகொண்டே ஓடுவாள். சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, பெரட்டுக்கு ஓர் அடி. எங்கள் சனத்துக்கு இதில் பிசகு வராது. அந்தத் தப்பு சுவிஸில், என் சொந்த வீட்டில், என்னை எழுப்பி நிறுத்திவிட்டது. கேட்டதை ஃபோனில் பதிவு செய்திருந்தேன். திரும்பத் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் அதேதான்.

அறிக்கையை மகள்தான் ஆங்கிலத்தில் எழுதினாள். அது வேலைக்கு விரட்டுற மேளம்னு எழுதாதீங்கப்பா, கோவிச்சுக்கிட்டு அட்டை அனுப்பாம விட்டுடுவாங்க என்றாள். இந்த அடி எனக்குத் தெரியும் என்ற ஒரு வரியை மட்டும் சேர்க்கச் சொன்னேன்.

அட்டை வந்தது. முன்பக்கம் கடல். பின்பக்கம் முழுக்க, அன்று பேசிய அறிவிப்பாளரே கையால் எழுதியிருந்தார். அவருடைய பூட்டன்மாரைக் கரும்பு வெட்டக் கப்பலில் கொண்டுபோனார்களாம். தமிழ் பாஷை போய்விட்டது, இந்த அடி மட்டும்தான் மிச்சம். தாலி ஏறியதும் இதை அடித்து ஊரே ஆடுவார்கள். அடுத்து அவருடைய மகளுக்குத்தான் கலியாணம். “உங்களுக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்குச் சொல்லித்தர யாருமில்லை. இதன் அர்த்தம் என்ன?”

மகள் வாசித்து முடித்ததும் பதில் எழுதத் தாளை எடுத்தேன். வேலைக்கு விரட்டுகிற அடி ஐயா, அதற்கா ஆடுகிறீர்கள் என்று ஒரு பெண்ணின் கலியாணத்துக்கு முன்னால் எப்படி எழுதுவது? எழுதாமல் விட்டால் நான் கேட்டதற்கு என்ன மதிப்பு? எதற்கும் பதில் வைத்திருக்கிற ஆள் என்று கடைக்காரர்கள் மத்தியில் எனக்குப் பெயர். ஒரு வரி வரவில்லை.

ஊருக்குப் போக ஏற்கெனவே டிக்கெட் எடுத்திருந்தேன். ஹட்டனில் பஸ் மாறி, வளைவெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பொகவந்தலாவையில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா கொழுந்து பறித்தே கிழவியானவள். இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறாள். என்னடா சீமைத்துரை, வெறுங்கையோட வந்திருக்கிற என்றாள். ஃபோனை எடுத்து அந்தப் பதிவைப் போட்டேன்.

மத்தியான வெயிலில், கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு, அக்கா எழுந்து நின்றுவிட்டாள். இடது கை, கொழுந்து பறிக்கப் போகையில் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைத் தேடியது. நான் மட்டுமில்லை என்று அப்போதுதான் மூச்சு விட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உட்காரவேயில்லை. “தாலி கட்டுனதுக்கா? இதுக்கா ஆடுறாங்க?” என்று இரண்டு தடவை கேட்டாள். திடுக்கிட்ட முகம் அப்படியே இருந்தது. தேத்தண்ணி ஆறிப்போனது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

“ஒளிக்காத தம்பி. பெரட்டுத் தப்புன்னே எழுது. எழுதிட்டு, நிறுத்தாம ஆடச் சொல்லு. இதுக்கு நாங்க ஓடுனது போதும். நம்ம ஆளுங்கள்ல யாராவது ஆடட்டும்.”

அப்படியே எழுதி அனுப்பினேன், ஒரு சொல் கூட்டவில்லை. கலியாணத்து ஒலிப்பதிவை அவர் அனுப்பிவைத்தார். அதே அடி, நடுவில் பெண்கள் சிரிக்கும் சத்தம்.

இப்போது காலையில் அதைத்தான் போட்டுக் கேட்கிறேன். கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு கால் செருப்பைத் தேடுகிறது, மற்றக் கால் தாளம் போடுகிறது. கீழ்வீட்டு அம்மா சத்தம் கேட்டு மேலே வந்து, இன்று ஞாயிறு என்கிறார்.