காட்டுக்கு விறகு கொண்டுபோன கதை

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள், காலை ஆறு மணி. ஏரல் பேருந்து நிலையத்தில் எங்களைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. பாபநாசத்துக்கு மேலே மலைக்குள் இருக்கும் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போகிறவர்கள் அரிசி, வெல்லம், பானை, தார்ப்பாய் என்று மூட்டை கட்டுவார்கள். நாங்கள் அவற்றோடு மூன்று சாக்கு விறகும் கட்டியிருந்தோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். ஏரல் பள்ளியில் கணக்கு டீச்சரான நான், சந்தையில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் என் வீட்டுக்காரர், அவருடைய அக்காவான என் மதினி. பொங்கல் விடுவதாக நேர்ந்திருந்தவர் மதினி. விறகு கொண்டுபோவதென்று பிடிவாதம் பிடித்தவள் நான். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு சாக்கு சுமந்தவர் அவர்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அந்த மலை புலிகள் காப்பகமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆனால் ஆடி அமாவாசை வந்தால் ஆற்றங்கரை முழுக்கக் குடில்தான், குடில்தோறும் அடுப்புதான். அதற்கு முந்தின வருடம் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். தார்ப்பாய் விரித்துப் படுத்த இடத்தில் முதுகில் குத்தியது கல் என்று நினைத்தேன். பார்த்தால் வெட்டிய மரத்தின் அடிக்கட்டை. பக்கத்தில் இன்னொன்று, அப்பால் இன்னொன்று. மலையில் பெய்கிற மழையை அந்தக் காடு பிடித்து வைத்துக்கொண்டு பைய விடுவதால்தான் சித்திரை வெயிலிலும் தாமிரபரணியின் கடைக்கோடியில் இருக்கும் எங்கள் ஊர் வாழைக்குத் தண்ணீர் வருகிறது. அந்தக் காட்டை வெட்டி எரித்துப் பொங்கல் விட்டுவிட்டு, கோடையில் வாய்க்காலைப் பார்த்து மூக்கைச் சிந்துவதில் அர்த்தமில்லை. அந்த மலையின் ஒரு சுள்ளிகூட எங்கள் அடுப்பில் எரியாது என்று அன்றே முடிவு கட்டினேன்.

மதினி ஒத்துக்கொள்ளவில்லை. "ஐயன் காட்டுல ஐயன் விறகுலதான் பொங்கணும், ஏட்டி. ஸ்டவ்வு கிவ்வுன்னு ஆரம்பிச்சே, நான் வரமாட்டேன்" என்றார். ஸ்டவ் வேண்டாம், விறகேதான், ஆனால் நம் ஊர் விறகு என்று பேரம் பேசினேன். குளத்துக்குள் புதராக மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டினால் குளத்துக்கும் நல்லது. அரைமனதாகத் தலையை ஆட்டினார்.

திருநெல்வேலி ஜங்ஷனில் சிறப்புப் பேருந்து. நடத்துநர் சாக்கை அமுக்கிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, விறகா? காட்டுக்கா விறகு கொண்டு போறீய?"

"ஆமா தம்பி. அங்கன விறகுக்குப் பஞ்சமாம்" என்றார் என் வீட்டுக்காரர், என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே. பேருந்தே சிரித்தது. விறகு கூரைமேல் ஏறியது. அடுப்புப் பற்றவைக்க ஒரு பை நிறையத் தேங்காய்ச் சிரட்டை வைத்திருந்தேன். அதையும் மேலே போடச் சொன்னார்கள். கோபத்தில் தரமாட்டேன் என்று மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

அம்பாசமுத்திரம் வரை வெயில். விக்கிரமசிங்கபுரம் தாண்டியதும் மலையை மேகம் மூடியிருந்தது. பாபநாசம் படித்துறையில் குளித்துவிட்டு விட்டுப்போன பழைய துணிகள் கரையோரம் திட்டுத்திட்டாகக் கிடந்தன. மேலே சோதனைச் சாவடியில் வனக்காவலர் ஒருவர் ஏறிப் பார்த்தார். விறகு எங்களுடையது என்றதும் நெற்றியைச் சுருக்கினார்.

"உள்ள இருந்து விறகு வெளிய போறதத்தான் நாங்க பிடிக்கோம். உள்ள கொண்டு போறத இன்னைக்குத்தான் பாக்கேன். ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கிடுங்கம்மா. திரும்பி வரும்போது ஒரு குச்சி மிச்சம் இருந்தாலும் நான் பிடிச்சிருவேன். எங்கன வெட்டினதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான பேச்சு. ஒரு குச்சி மிஞ்சாது என்று வாக்குக் கொடுத்தேன்.

சாவடியைத் தாண்டியதும் வேறு உலகம். சாரல் ஜன்னல் வழியே முகத்தில் அடித்தது. பாதையோர மரமொன்றில் கருமந்திகள் நனைந்தபடி உட்கார்ந்திருந்தன. மேலே இருவாச்சி ஒன்று பறந்தபோது பேருந்துச் சத்தத்தையும் மீறி அதன் சிறகடிப்புக் கேட்டது. முண்டந்துறையைக் கடந்து கோயில் வாசலில் இறங்கியபோது பிற்பகல். கூரைமேல் இருந்து சாக்குகளை இறக்கினார்கள். மூன்றிலிருந்தும் தண்ணீர் ஒழுகியது.

"விறகு கொண்டு வந்தியா, குளிப்பாட்டக் கொண்டு வந்தியா?" என்றார் மதினி.

கோயிலில் ஓர் இலுப்பை மரம் உண்டு. மணிவிழுங்கி மரம் என்பார்கள். நேர்ந்துகொண்டவர்கள் அதில் மணி கட்டுகிறார்கள். நாளாவட்டத்தில் பட்டை வளர்ந்து மணியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பாதி விழுங்கிய மணியைத் தொட்டுப் பார்த்தேன். பட்டையோடு பட்டையாக இறுகியிருந்தது. மதினியும் ஒரு வெண்கல மணி கொண்டு வந்திருந்தார். பொங்கல் முடிந்ததும் கட்டுவதாக நேர்ச்சை. அவருடைய மகள் பிரசவத்தில் பிழைப்பாளா என்று தெரியாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது, ஐயனிடம் கேட்ட உயிர் அது.

அமாவாசை காலை. மழை நிற்கவில்லை. தார்ப்பாய்க்கு அடியில் ஈர விறகு புகைந்ததே தவிரப் பற்றவில்லை. சுற்றிலும் அடுப்புகள் எரிந்தன. பக்கத்துக் குடிலில் சாத்தான்குளத்து அண்ணாச்சி ஒருவர், மனைவியும் மருமகளுமாக வந்திருந்தார். அவர்களிடம் விறகே இல்லை. எங்கள் பாட்டைப் பார்த்துவிட்டு அரிவாளோடு எழுந்தார்.

"அந்த நாவ மரம் கைக்கு அடக்கமா இருக்கு. வெட்டிருவோம். ஒங்க விறகு மழைல ஊறிட்டு, எண்ணெய் பிடிக்காது. இது பச்சன்னாலும் எண்ணெய ஊத்துனா எரியும். ஒங்களுக்குப் பாதி, எங்களுக்குப் பாதி."

ஆற்றின் ஓரத்தில் நின்ற இளமரம். ஆடி மாதம் அல்லவா, கருகருவென்று பழுத்திருந்தது. உச்சியில் ஒரு கருமந்தி பழம் பறித்துக்கொண்டிருந்தது.

"வேண்டாம் அண்ணாச்சி. வெட்டக் கூடாது" என்றேன்.

"இம்புட்டுப் பெரிய காட்டுல ஒரு மரம் போனா குடியா முழுகிரும், டீச்சர்? எங்க வீட்டுப் பொம்பளைய காலையிலருந்து பச்சத் தண்ணி குடிக்கல. பொங்கல் விட்டாத்தான் சோறு."

அவர் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். என் வீட்டுக்காரரும் வந்தார். கூப்பிடாமலே மதினியும் வந்தார், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு. அண்ணாச்சி அரிவாளை ஓங்கப் போகும்போது மதினி மரத்துக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றார். மடியிலிருந்து வெண்கல மணியை எடுத்தார். மஞ்சள் கயிற்றில் கோத்திருந்த அதை நாவல் கிளையில் கட்டி, மூன்று முடிச்சுப் போட்டார்.

அண்ணாச்சியின் கை அப்படியே இறங்கியது. "என்ன தாயி இப்படிப் பண்ணிட்டிய? மணி கட்டுன மரத்துல நான் எப்படி அரிவா வைப்பேன்?"

"அதுக்குத்தானே கட்டுனேன்" என்றார் மதினி. "நான் ஒரு உசிரக் கேட்டேன், குடுத்தான். நன்றி சொல்ல வந்த எடத்துல இன்னொரு உசிர எடுத்துப் பொங்கல் விடவா?"

நேற்றுவரை ஐயன் விறகு என்று சண்டை போட்ட அதே மதினி! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணாச்சி மட்டும் விடவில்லை. "சரி தாயி, இப்ப சோத்துக்கு வழி?"

"எங்க அடுப்புலதான்" என்றேன். சொல்லியாகிவிட்டது, இனி எரித்தே ஆக வேண்டும். இப்போது இரண்டு வீட்டுப் பானை என் தலையில்.

அவருடைய அரிவாளாலேயே விறகைப் பிளக்கச் சொன்னேன். வெளியேதான் ஈரம், கருவேலத்தின் உள்கட்டை காய்ந்திருந்தது. மடியில் வைத்து அழிச்சாட்டியம் பண்ணிக் கொண்டுவந்த சிரட்டைகள் முதலில் பற்றின. அதன்மேல் உள்கட்டைச் சிராய்கள், அதன்மேல் பிளந்த கட்டை. ஈரப் பட்டைகளை அடுப்பைச் சுற்றி அடுக்கி உலர்த்தினோம். மாற்றி மாற்றி ஊதினோம். அண்ணாச்சியின் மருமகள் ஊதி ஊதிக் கண் சிவந்துபோனாள். என் வீட்டுக்காரர் விசிறியைக் கீழே வைக்கவே இல்லை. சுற்றிலும் எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவி, எங்களை வேடிக்கை பார்க்க உட்கார்ந்த பிறகுதான் எங்கள் பானை பொங்கியது. மதினி போட்ட குலவையில் நாவல் மரத்திலிருந்த மந்தி தாவி ஓடிவிட்டது. அடுத்த பானை சாத்தான்குளத்துக்காரர்களுடையது. மிச்ச விறகை இரவு உலைக்கு அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை, கிளம்பும்போது மழை வெறித்து வானம் தெளிந்திருந்தது. கடைசியாக ஒரு முறை ஆற்றில் இறங்கிக் குளிக்கப் போனோம். நாவல் மரத்தடியில் கூட்டம். யார் என்ன நினைத்தார்களோ, எங்கள் மணிக்குப் பக்கத்தில் இன்னொரு மணி, அதற்குக் கீழே மஞ்சள் துணி, அடிமரத்தில் குங்குமம். ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு பயபக்தியோடு மூன்றாவது மணியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

மதினி பதறிவிட்டார். "ஐயோ, இது நேர்ச்ச மரம் இல்லைன்னு சொல்லிருதேன்."

கையைப் பிடித்து அழுத்தினேன். "சும்மா வாங்க மதினி. அது இப்ப நேர்ச்ச மரம்தான்."

சாவடியில் அதே காவலர் ஏறினார். காலிச் சாக்குகளை உதறிக் காட்டினேன். "மிச்சம்?" என்றார். "சாம்பல். அங்கனயே விட்டுட்டோம்" என்றேன். சிரித்துக்கொண்டே இறங்கினார்.

பாபநாசம் இறக்கத்தில் ஆறு கூடவே வந்தது. இதே தண்ணீர் எங்களுக்குப் பின்னால் மெதுவாகக் கிளம்பி ஏரல் வாழைக்கு வந்து சேரும். ஊரில் அதை எங்கள் ஆறு என்போம். அது எங்கே, யார் விட்டுவைத்த மரத்தடியில் ஊறி வருகிறது என்று அதுவரை ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் பேருந்து நின்றதும் மதினி தம்பியின் தோளைத் தட்டினார்.

"ஏலே, அந்த வெண்கலக் கடைல இறங்கி, மணி மொத்தமா எடுத்தா எப்படிப் போடுவான்னு கேட்டுட்டு வா. அடுத்த வருசம் விறகோட அதுவும் ஒரு சாக்கு வேணும்."