ராணிக்குப் பதில் குதிரை

நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே திருக்கொச்சி ராஜ்யத்தில் இருந்த காலம் அது. திருவனந்தபுரம் பழவங்காடிக்குப் பக்கத்தில், ஒரு வாசகசாலை மாடியில் செஸ் போட்டி. ஜெயிப்பவருக்கு எர்ணாகுளம் போகும் அணியில் இடம். எனக்கு அப்போது ஆபீஸ் குமாஸ்தா வேலை. நான் குடியிருந்த வலியசாலையில் என்னை ஜெயிக்க ஆள் கிடையாது. அந்தத் தெம்பிலேயே இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டேன்.

எதிராளி நாகர்கோவில்காரர், கல்லூரி வாத்தியார். மூன்று மணி நேரத்தில் பலகை கிட்டத்தட்டக் காலி. அவரிடம் ராணி, என்னிடம் இரண்டே சிப்பாய்கள். அதில் ஒன்று கடைசிக் கட்டத்தைத் தொட்டது. சட்டென்று ஒரு குதிரையை எடுத்து அதற்குப் பதிலாக அங்கே வைத்தேன்.

வைத்த பிறகுதான் பகீரென்றது. எங்கள் வீட்டு ஆட்டத்தில், சிப்பாய் எந்தக் காயின் வரிசையில் கரையேறுகிறதோ அந்தக் காயாகத்தான் மாறும். போட்டியிலோ வெளிநாட்டு விதி. தாராளமாக ராணியே கேட்கலாம். பழக்கதோஷத்தில் கை தானாகப் போய்விட்டது. அணியில் இடம் போச்சு என்று நினைத்தேன்.

பலகையைப் பார்த்தால், என் குதிரை அவர் ராஜாவுக்குச் செக் கொடுத்து, ராணியையும் குறிவைத்து நிற்கிறது! ராஜா ஒதுங்கியது, ராணி விழுந்தது. அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

ஒரே கைதட்டல். எப்போது கண்டுபிடித்தாய் என்று யாரோ கேட்க, "அஞ்சு மூவுக்கு முன்னாலயே" என்று கூசாமல் புளுகினேன்.

போட்டி நடத்திய மலையாளி விடவில்லை. "சாரே, ராணி வச்சிருந்தா எந்தாகும்? ஒண்ணு காட்டுங்கோ."

எனக்கு எங்கே தெரியும்? அவசரமாகக் காய்களைப் பெட்டியில் போட ஆரம்பித்தேன்.

"அவரு களைச்சுப் போயிருக்காரு, நான் காட்டுதேன்" என்று எதிராளியே காய்களைத் திரும்ப அடுக்கினார். நான் ராணி வைத்திருந்தால் அவர் விடாமல் செக் கொடுத்தே ஆட்டத்தைச் சமனாக்கியிருப்பாராம். "குதிரை ஒண்ணுதான் ஜெயிக்கும். அதைல்லா இவரு கண்டுபிடிச்சிட்டாரு!" என்றார்.

படியிறங்கும்போது என் தோளில் கை போட்டு, "எங்க வீட்லயும் அப்படித்தான் வேய் ஆடுவோம். அந்தக் கட்டத்துல குதிரைதான் கிடைக்கும்" என்று மெல்லச் சொன்னார். சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்.

அதற்கப்புறம் எவ்வளவோ ஆட்டங்கள் ஜெயித்திருக்கிறேன், அதில் குறையே இல்லை. ஆனால் அவரைப் போல என்னால் தோற்க முடியுமா என்பதுதான் இன்றுவரை சந்தேகமாக இருக்கிறது.