இடப்பக்கம் நீட்டிய கை

சகோதரர்களே, புகழெல்லாம் அல்லாஹ்வுக்கே. அதைச் சொன்ன வாயால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. அனுபவம் சொல்ல வருகிறவன் சாந்தமாக வரவேண்டும் என்பார்கள். என்னால் முடியாது. என் இடக் கண்ணைப் பறிக்கப் பார்த்தவர்கள் கல்முனைக் கடைத்தெருவில் வெற்றிலை போட்டுக்கொண்டு நன்றாகத்தான் திரிகிறார்கள்.

எண்பத்தொன்றாம் வருடம், பெரும்போக நெல் வேளாண்மை வெட்டுக் காலம். எங்கள் விளையாட்டுக் கழகத்தில் உதைபந்தாட்டக்காரர் நிறையப் பேர். குத்துச்சண்டைக்கு நான் ஒருவன்தான். கொழும்பில் கடையில் நின்ற காலத்தில் பழகியது. மட்டக்களப்பில் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தபோது, வெளியூர் ஆள் ஒருவரோடு பயிற்சி செய்து வாங்கிய ஒரு குத்தில் இடக் கண்ணுக்குள் மின்னல் அடித்தது. பிறகு கரும்புள்ளிகள் மிதந்தன. சில நாட்களில் காதுப் பக்கமிருந்து ஒரு கறுப்புச் சீலை கண்ணை மூடத் தொடங்கியது.

பயிற்சியாளரிடம் சொன்னேன்.

"கண் கலங்கிரிக்கி, அவ்வளவுதான். போட்டி முடியட்டும், பாப்பம்" என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "பந்தடிக்கிறவன் கால் பிசகினா குந்துவான். நீ என்ன பந்தடிக்கிறவனாடா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

இதை நினைத்தால் இன்றும் உடம்பு எரிகிறது. உதைபந்தாட்டத்தில் காயப்பட்டவனைத் தூக்கி வெளியே இருத்தித் தோடம்பழம் உரித்துக் கொடுக்கிறார்கள். அவனுக்குப் பதிலாக இன்னொருவன் இறங்குகிறான். கிரிக்கெட்டில் கால் ஏலாதவனுக்காக ஓடவே வேறு ஆளை விடுகிறார்கள். அங்கெல்லாம் காயம் தவறிப் படுவது. நொண்டுகிறவன் காலில் வேண்டுமென்று உதைத்தால் மத்தியஸ்தர் விசில் ஊதுவார். குத்துச்சண்டையில் வீங்கிய கண்ணில் குத்தினால் புள்ளி கொடுக்கிறார்கள், சனம் கைதட்டுகிறது. எதிராளி முதலில் தேடுவதே உங்கள் காயத்தைத்தான். எனக்கும் அப்படித் தேடத்தான் பழக்கினார்கள். வீரம் வீரம் என்று கத்தியவர்களில் எத்தனை பேர் வாழ்நாளில் ஒரு குத்து வாங்கியிருப்பார்கள்?

"விலகியிருக்கலாமே" என்று நீங்கள் கேட்பீர்கள். லவுட்ஸ்பீக்கர் கட்டி என் பெயரை ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். நான் இருந்ததோ மனைவி சுபைதாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில். அவளுடைய காக்காமார், மூத்த சகோதரர்கள், இரண்டு பேரும் கழகத்தின் முன்வரிசை ஆட்கள்.

"இஞ்ச பாருங்க, கண் போனா இந்தக் கழகமா வந்து ஒங்களக் கையில புடிச்சிக் கூட்டித் திரியும்?" என்று சுபைதா கேட்டாள்.

"நான் போகல்லண்டா ஒன்ட காக்காமார் என்ன இந்த வீட்டுல இரிக்க உடுவாங்களா?"

"அப்ப எனக்கிட்டச் சொல்லாதீங்க. அல்லாஹ்க்கிட்டச் சொல்லுங்க" என்றாள்.

போட்டி நாள் விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டுக் கையேந்தினேன். "யா அல்லாஹ், ஏறிவிட்ட இடத்திலிருந்து என்னால் இறங்க முடியவில்லை. வெட்கம் என்னை விடுகுதில்லை. நீ இறக்கு. எப்படியாவது இறக்கு. கண்ணை எனக்கு விட்டுத் தா." பின்னால் சுபைதா ஆமீன் சொன்னது கேட்டது. அதே துஆவில் எதிராளியின் தாடை உடைய வேண்டும் என்றும் கேட்டேன். அதை ஏன் மறைக்க வேண்டும்?

எதிராளி திருக்கோவிலைச் சேர்ந்த யோகராசா. முந்திய வருடம் என்னை விழுத்திவிட்டுச் சிரித்தவன். அவனை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது.

மட்டக்களப்பில், போட்டிக்கு முன் எங்களை ஒரு மண்டபத்தில் நீள வாங்கில் இருத்தினார்கள். திடீரெனப் பயிற்சியாளர் என் முதுகில் தட்டி, "அப்பிடித்தான். அவனுக்கு மொகம் குடுக்காத" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தால், இடப்பக்கம் யோகராசா முகம் கறுத்து நிற்கிறான். கைகொடுக்க வந்திருக்கிறான். நீட்டிய கை எனக்குத் தெரியவில்லை. அவன் விலகிப் போனான். ஆனால் அங்கிருந்தே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு டொக்டர் வந்தார். அதற்கும் பயிற்சியாளர் வழி சொல்லித் தந்திருந்தார். முதலில் இடக் கையால் இடக் கண்ணை மூட வேண்டும். மற்றக் கண்ணை மூடு என்றால் கையை மட்டும் மாற்றி, வலக் கையாலும் இடக் கண்ணைத்தான் மூட வேண்டும். ஒரு குத்தைப் பழக்குவது மாதிரி இதையும் பழக்கினார். நானும் அப்படியே செய்தேன், எழுத்தையெல்லாம் வாசித்தேன். டொக்டருக்கு அவசரம். சரி என்று விட்டுவிட்டார்.

என் இடக் காதருகே காற்றுப் பட்டது. திரும்பினேன். யோகராசா கையில் துவாயோடு நின்றான். அதை என் முகத்துக்குப் பக்கத்தில் வீசிப் பார்த்திருக்கிறான். நான் இமைகூட ஆட்டவில்லை.

"டொக்டர், இவருக்கு இடக் கண் தெரியாது" என்றான் சத்தமாக. "ரெண்டு தரமும் ஒரே கண்ணத்தான் மூடினவர். நான் ஒத்தக் கண்ணனோட அடிபட வரல்ல."

மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. பாய்ந்து போய்க் குத்தினேன். அவன் ஒரு பக்கம் சரிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. என் குத்துக் கதவு நிலையில் பட்டது. டொக்டருக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. என்னை இருத்தி, டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"இண்டைக்கு மேடைக்கு ஏறினா இந்தக் கண் உங்களுக்கு இல்ல. இரவு ரயில்லயே கொழும்புக்குப் போங்க" என்றார்.

கழகத்து வான் வண்டி ஊருக்குத் திரும்பியது. "பேரக் கெடுத்திட்டியேடா" என்றுதான் பயிற்சியாளர் கடைசியாகச் சொன்னார். ஒருவர்கூடக் கூட வரவில்லை. நான் தனியாக ரயிலேறினேன். வழி முழுக்க யோகராசாவைத் திட்டினேன். காட்டிக்கொடுத்தவன், கோழை, பேடி என்றெல்லாம் திட்டினேன். என் துஆவுக்கு வந்த பதிலைத்தான் திட்டிக்கொண்டு போகிறேன் என்று எனக்கு, இந்த மடையனுக்கு, அப்போது விளங்கவில்லை.

விழித்திரை கழன்றிருந்தது. கொழும்பு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். இன்னும் ஒரு குத்து விழுந்திருந்தால் எங்களாலும் ஒன்றும் செய்ய ஏலாது என்றார்கள். தான் சொல்லும்வரை குனிந்து நெற்றியைத் தரையில் வைக்கக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

ஊருக்கு வந்தபோது மச்சான்மார் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். சுபைதா படலையைப் பிடித்தபடி, "இது எனக்குத் தந்த ஊடு. அவர் இஞ்சதான் இரிப்பார். ஒங்களுக்கு ஏலாட்டி இஞ்ச வராதீங்க" என்றாள். என்னை அத்தனை நாள் நடுங்க வைத்த பயம் அதோடு முடிந்தது.

டொக்டர் சொன்னபடி பள்ளிவாசலில் கதிரையில் உட்கார்ந்து தொழுதேன். பக்கத்தில் எல்லாம் முழங்கால் ஏலாத கிழவர்கள். முதல் நாள் வெட்கத்தில் செத்துப்போனேன். பிறகு யோசித்தேன். தொழுகையைக் கடமையாக்கியவன் நோயாளியைப் பார்த்து, நிற்க ஏலாவிட்டால் இருந்து தொழு, இருக்க ஏலாவிட்டால் படுத்துத் தொழு என்கிறான். வானம் பூமியைப் படைத்தவன் கொடுக்கிற சலுகையை, ஒரு கழகத்துப் பயிற்சியாளன் கொடுக்கமாட்டானாம். அன்று பள்ளியிலேயே அழுதேன். கோபத்தில் வந்த அழுகைதான்.

மாதங்கள் கழித்து டொக்டர் அனுமதி தந்தார். நெற்றியைப் பாயில் வைத்தேன். எழும்ப மனம் வரவில்லை. அங்கே வைத்துத்தான் யோகராசாவின் பெயரை முதல் தடவையாகத் திட்டாமல் சொன்னேன். அவனுக்கு நல்லதைக் கொடு றப்பே என்று கேட்டேன். அதற்குப் பிறகு நான் மேடைக்கு ஏறவில்லை. பையன்களைப் பழக்கித் தரும்படி கழகம் கூப்பிட்டபோது, வந்தவர்களை வாசலோடு துரத்தினேன்.

பிறகு வந்த யுத்தத்தின் கெட்ட வருடங்களில் எங்கள் ஊர்களுக்கும் தமிழ் ஊர்களுக்கும் இடையில் போக்குவரத்தே நின்றது. கொஞ்சம் தணிந்த ஒரு பகல், கல்முனை பஸ் நிலையத்தில் நின்றேன். இடப்பக்கம் ஒரு கை நீண்டது. பார்த்தேன். பிடித்தேன்.

"இப்ப தெரியுதோ?" என்றான் யோகராசா.

"ஓம்."

"அப்ப அடிபடுவமா?"

"போடா" என்றேன். கையை விடவில்லை. இரண்டு ஊர்ச் சனமும் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது.

சகோதரர்களே, உங்களில் யாராவது இறங்க முடியாத இடத்தில் ஏறி நிற்கலாம். வெட்கப்படாமல் அவனிடம் சொல்லுங்கள். அவன் இறக்குவான். நீங்கள் வெறுக்கிற ஒருவனை அனுப்பியும் இறக்குவான், சபையில் அவமானப்படுத்தியும் இறக்குவான். அந்த நேரம் என்னைப் போலக் கையை ஓங்காதீர்கள். நான் சுபஹில் கேட்டது கண்ணை. இந்த இரண்டு கண்ணாலும்தான் இப்போது உங்கள் முகங்களைப் பார்க்கிறேன்.