குளிரறைக்குள் ஒரு பனிவண்டி

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. நடந்தது. 2006 டிசம்பர் 14. நேரங்கள் என் குறிப்பேட்டில் இருக்கின்றன.

வேதியியல் படித்து முடித்து, டுசல்டோர்ஃப் நகருக்கு வெளியே ஓர் அருங்காட்சியகக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மரப்பொருளில் பூச்சி இருந்தால், அதைக் கொல்ல மைனஸ் முப்பது பாகைக் குளிரறையில் ஏழு நாள் வைப்போம். அன்று உள்ளே இருந்தது ஒன்றுதான். வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்களின் பழைய சறுக்குவண்டி, நாய்கள் இழுப்பது. ஆணியே கிடையாது. எல்லாம் தோல்வார்க் கட்டு. அப்போதுதான் மேடுபள்ளமான பனியில் உடையாமல் வளைந்து கொடுக்கும். வார்கள் காய்ந்து, தொட்டாலே உதிர்ந்தன.

மாலை 4.35. வெளியே இருட்டிக்கொண்டிருந்தது. வண்டிப் பலகையில் ஒட்டியிருந்த வெப்பமானியின் அளவை குளிரறைக்கு வெளியே இருந்த திரையில் பார்த்தேன். -30.1.

4.40. +36.6.

"அண்ணை, இதைப் பாருங்கோ."

பொருள் ஏற்றி இறக்கும் பீலிக்ஸ் அண்ணை, மன்னார்க்காரர், எட்டிப் பார்த்தார்.

"உடம்புச் சூடு சரி, ஆளுக்குக் காய்ச்சல் இல்லை" என்று சிரித்தார். "வயர் கழண்டிருக்கும். பாத்திட்டு வாறன்."

"ஜாக்கெட் போடுங்கோ."

"ரெண்டு நிமிசம் பிள்ளை."

4.43. கதவு அவருக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. உள்ளிருந்தும் திறக்கக்கூடிய கதவு.

4.46. சர்ர்... சர்ர்... சிமெந்துத் தரையில் வண்டி இழுபடும் சத்தம்.

"அண்ணை?"

கதவுக்கு ஓடினேன். கைப்பிடி அசையவில்லை. முழுப் பலத்தோடும் இழுத்தேன். தீயணைப்பு நிலையத்துக்குத் தொலைபேசினேன். இருபது நிமிடம் என்றார்கள்.

கதவின் கண்ணாடியில் உள்பக்கம் உறைபனி. ஒன்றும் தெரியவில்லை.

திரையில் எண் இறங்கத் தொடங்கியது.

35.9.

34.8. ஓர் உடல் குளிர்ந்து சாகும்போது இறங்கும் எண்கள் என்று எனக்குத் தெரியும். அதுதான் கொடுமை.

கத்தினேன்.

33.0...

சர்ர்...

31.4.

5.04. கதவு தானாகத் திறந்தது.

சுவரோரம் வைத்த வண்டி வாசலைப் பார்த்து நின்றது. அதன்மேல் பீலிக்ஸ் அண்ணை. மார்பிலும் காலிலும் தோல்வார்க் கட்டு. வார் ஈரமாக, புதிதுபோல் மென்மையாக இருந்தது. முடிச்சை என்னால் அவிழ்க்க முடியவில்லை. தீயணைப்புக்காரர்கள் வந்துதான் வெட்டினார்கள்.

அவர் பிழைத்தார்.

ஒரு கிழமை கழித்து வண்டியின் பழைய பதிவட்டை கிடைத்தது. 1909. கடற்பனியில் தனியே நின்ற வண்டி. அதில் கட்டப்பட்ட ஓர் ஆணின் உடல். தோல்வார்க் கட்டை அறுத்து, உடலை அங்கேயே இறக்கிவிட்டு, வண்டியை மட்டும் கொண்டுவந்தோம் என்று அதைக் கண்டெடுத்தவர்கள் எழுதியிருந்தார்கள்.

மருத்துவமனைக்குப் போய் அதைச் சொன்னேன்.

பீலிக்ஸ் அண்ணை கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"தெரியும் பிள்ளை. அந்த ஆளே எனக்குச் சொன்னவர்."