சமையற்கட்டில் படித்த கே வரிசை

எண்பதுகளில் ஏற்காட்டில் ஒரு தினசரிக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். செய்தியை எழுதிக் கவரில் போட்டு, சேலம் போகிற பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால் என் வேலை முடிந்தது. மனைவி ஒரு பள்ளி போர்டிங்கில் சமையல் வேலை பார்த்தாள். எங்கள் இருவரில் களைத்து வீடு திரும்பியவள் அவள்தான்.

அங்கே எரித்தது எஸ்டேட்டில் கழித்துப்போட்ட சில்வர் ஓக் விறகு. மழைக்காலத்தில் அது எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். அவளுக்கு இருமல் வந்து, போகாமல் தங்கிவிட்டது. புகையை விட்டு விலகினால்தான் மருந்து கேட்கும் என்றார் சேலத்து டாக்டர். அந்தச் சமயத்தில் அதே போர்டிங்கில் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் மேட்ரன் வேலை காலியானது. பிள்ளைகளின் மருந்துப் புட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிய வேண்டும். ஆங்கிலத்தில் பேசும் பெற்றோர் சொல்வது புரிய வேண்டும். கோடை விடுமுறைக்கு முன் சொற்கள் கேட்டுப் பார்ப்பதாகவும், தேறினால் வேலை தருவதாகவும் பொறுப்பிலிருந்த கன்னிமடத்து சிஸ்டர் சொன்னார்.

மனைவிக்கு ஆங்கில எழுத்துகள் தெரியும். சொற்கள்தான் போதவில்லை. ஒரே எழுத்துகளில் தொடங்குபவற்றைச் சேர்த்து வைத்தால் ஒன்றைப் பிடித்து இன்னொன்று வரும் என்று நினைத்து, எழுத்து வாரியாகத் தாள்களில் எழுதிக் கொடுத்தேன். ‘கே’, ‘என்’ என்ற இரண்டு எழுத்தும் சேர்ந்து தொடங்குபவை ஒரு தாள். அவற்றில் கே-யை எழுத வேண்டும், வாயால் சொல்லக் கூடாது. ‘நீ’ என்றால் முழங்கால். நீல், மண்டியிடுவது. நீட், மாவு பிசைவது. நைஃப், கத்தி. நிட், கம்பளி பின்னுவது. நாட், முடிச்சு. நாக், கதவைத் தட்டுவது. எழுதி முடித்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் அவள் தினமும் செய்கிற காரியங்களாக இருந்தன.

வீட்டில் அவளால் படிக்க முடியவில்லை. தாளைப் பிரித்ததும் கண் சொருகிவிடும். அதனால் சமையற்கட்டுக்கே எடுத்துப் போனாள். வெங்காயம் உரிக்கும்போது அங்குள்ள பெண்கள் மன்றாட்டு மாலை சொல்வது வழக்கம். ஒருத்தி முன்னால் சொல்ல, மற்றவர்கள் பதில் சொல்வார்கள். அந்த ராகத்திலேயே இதையும் சொல்லத் தொடங்கினார்கள். தாளைப் பார்த்து அவள் ஆங்கிலச் சொல்லை இழுத்துச் சொல்வாள். மற்றவர்கள் அர்த்தம் சொல்வார்கள். கொட்டச்சேடு கிராமத்திலிருந்து தினமும் வேலைக்கு வந்துபோன ஒரு பெண்ணுக்கு முதல் சொல்லே ஒத்துக்கொள்ளவில்லை.

“ஏனுங்க்கா, நீங்கறது முழங்காலுன்னா, நானுங்கறது கணுக்காலுங்களா?”

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் மனைவிக்கு அங்கே ‘முழங்காலக்கா’ என்றுதான் பெயர்.

சிஸ்டர் கேட்ட நாளில் நானும் போயிருந்தேன். அவருடைய அறைக்கும் சமையற்கட்டுக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். வராந்தா ஜன்னல் வழியாக மனைவியின் முதுகும் சிஸ்டரின் முகமும் தெரிந்தன. சிஸ்டர் ஆங்கிலப் பாடப் புத்தகத்தின் கடைசியிலிருந்த சொற்பட்டியலில் கே வரிசையைப் பிரித்து, நீல் என்றார். இவள் பேசவில்லை. நிட் என்றார். அதற்கும் பதில் இல்லை. எனக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் ஆங்கிலச் சொல்லை மட்டும்தான் இவள் சொல்லியிருக்கிறாள். அர்த்தம் மற்றவர்கள் வேலை. சொல் காதில் விழுந்ததும் பதிலுக்குக் காத்திருக்கப் பழகியிருந்தாள். இருமல் மட்டும் வந்தது.

“நீட்” என்றார் சிஸ்டர், சற்று உரக்க.

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மாலை சொல்லும் ராகத்தில், பல குரல்கள் ஒன்றாக வந்தன: “மாவு பெசையறது.”

சிஸ்டர் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடினார். வேலை போயிற்று என்று நினைத்தேன். அவரும் விடிந்ததிலிருந்து உட்காராதவர். கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டு, என்ன இது என்று கேட்டார். எப்படிப் படித்தார்கள் என்பதை மனைவி சொன்னாள்.

“சரிம்மா. அர்த்தத்தை நான் சொல்றேன். மண்டியிடறது?”

“நீல்.”

“முடிச்சு?”

“நாட்.”

கே வரிசை தீர்ந்து மற்ற எழுத்துகளுக்குப் போனார். இவள் எங்கும் தடுமாறவில்லை. கடைசியில் மேஜையிலிருந்த மருந்துப் புட்டியை நீட்டினார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். தடுப்புக்கு அப்பால் பாத்திரச் சத்தம்கூட இல்லை.

வேலை கிடைத்தது. வீட்டுக்குப் போகிற ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றாள். நான் ஏதோ பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

“பொகையில்லீங்கறதே போதுங்க. நொம்பக் களைப்பா இருக்குது. போய்ப் படுக்கோணும்” என்றாள்.

பள்ளி திறந்ததும் மேட்ரன் ஆனாள். இருமல் குறைந்தது, முழுவதும் போகவில்லை. அடுத்த தாள் எங்கே என்று சமையற்கட்டிலிருந்து சொல்லியனுப்பினார்கள். டபிள்யூ, ஆர் சேர்ந்து தொடங்குபவற்றை எழுதினேன். ரிஸ்ட், மணிக்கட்டு. ரிங், துணி பிழிவது. ராப், சுற்றிக் கட்டுவது. பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரத்தில் அவள் சமையற்கட்டு வாசலுக்கு வெளியே, புகை வராத பக்கமாக நின்று வாசிப்பாள். நடுவில் இருமல் வந்தால், அது அடங்கும்வரை உள்ளே காத்திருப்பார்கள்.