ஆட்டிடம் சம்மதம் கேட்ட அங்கமுத்து

எருமப்பட்டி அங்கமுத்துவிடம் முந்நூறு வெள்ளாடு இருந்தது. பேச்சு அவ்வளவு இருந்ததில்லை. மனுசரிடம் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மிச்சமெல்லாம் ஆட்டிடம்தான்.

கோயிலில் கெடா வெட்டுமுன் மேலே தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலுப்பும்வரை காத்திருப்பது நம் பக்கத்தில் எல்லாரும் செய்வது. சிலுப்பினால் சம்மதம், இல்லாவிட்டால் கத்தி இறங்காது. அங்கமுத்து இதைக் கறிக்கடைக்காரனுக்கு விற்கிற ஆட்டுக்கும் செய்வார். கோயிலில் வெட்டினால் மட்டுந்தான் ஆட்டுக்கு உசுரு போகுதா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதற்கப்புறம் ஊரில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கறிக்கடைக்காரர்கள் வெற்றிலை மடித்துக்கொண்டு காத்திருக்கப் பழகிக்கொண்டார்கள்.

உலகச் சண்டை வந்தது. டெல்லியில் யுத்த இலாகா என்று ஒன்று, அது பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறது என்று காப்பிக்கடையில் பேப்பர் படிப்பார்கள். போன வருசம் இத்தனை கோடி, இந்த வருசம் அதைப்போல ரெண்டு மடங்கு. புது டேங்கு, புது ஏரோப்பிளேன், புது லாரி. எத்தனை டேங்கு வாங்கினால் என்ன, உள்ளே உட்கார்ந்திருக்கிறவனுக்குப் பசிக்குமே. அங்கமுத்துவிடம் முதலில் மாசத்துக்குப் பத்து ஆடு கேட்டார்கள், பிறகு முப்பது, நாற்பத்து மூணாம் வருசம் எண்பது; தன் மந்தை தாங்காமல் சந்தையில் வாங்கியும் சேர்த்தார். முன்னெல்லாம் ஆட்டை நாமக்கல்லுக்கு நடத்திக்கொண்டு போகவேண்டும். இப்போது பட்டாள லாரியே பட்டிக்கு வந்தது.

அங்கமுத்துவுக்குப் பட்டாளத்தார் ஒரு சீட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சீட்டு இருந்தால் கொல்லிமலை அடிவாரத்து சர்க்கார் காட்டில் ஆடு மேய்க்கலாம். அந்த வருசம் மழை ஏமாற்றிவிட்டது. ஊர்க் காட்டில் கருவேலங்காய்கூட இல்லை. சீட்டுப் போனால் மந்தை சித்திரையைத் தாண்டாது. இது அவருக்கும் தெரியும், அவர் சம்சாரம் பாப்பாயிக்கு அவரைவிட நன்றாகத் தெரியும்.

லாரியோடு வந்தவர் அவில்தார் கண்ணுசாமி, ஆத்தூருக்குக் கிழக்கே ஏதோ ஊர். அங்கமுத்து பட்டியில் கூலிக்கு இருந்த எனக்கு லாரியில் ஆடு ஏற்றுகிற வேலை. முதல் நாள் ஒரு மணி நேரத்தில் கிளம்பவேண்டிய கண்ணுசாமி பொழுதுசாயக் கிளம்பினார். அங்கமுத்து சொம்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆடாகக் கேட்டார். பன்னிரண்டு ஆடு சம்மதிக்கவில்லை. அவற்றைத் திருப்பிப் பட்டியில் விட்டுவிட்டு வேறு பிடித்து வந்து, அவற்றையும் கேட்டார்.

தாமதத்துக்குக் காரணம் எழுதவேண்டுமே. ஆடு சம்மதிக்கவில்லை என்று பட்டாளத்துக்கு எழுத முடியுமா? கண்ணுசாமி யோசித்து, 'உடல் பரிசோதனை: தண்ணீர் தெளித்து, உதறுகிறதா என்று பார்ப்பது' என்று எழுதிப்போட்டார். மேலே இருந்தவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஜில்லா முழுக்க எல்லா ஆட்டுக்காரரும் இனி இப்படியே செய்யவேண்டும் என்று உத்தரவு வந்தது. அச்சடித்த பாரமும் வந்தது. தண்ணீர் தெளிக்கப்பட்டதா, உதறியதா, ரெண்டு கட்டம். அடுத்த மாசம், சோதனையை வேகப்படுத்த ஒரு பித்தளைக் கைப்பம்பு வந்தது. குண்டு விழுந்து தீப்பிடித்தால் அணைப்பதற்கென்று வாங்கினது. எண்பது ஆட்டை அரை மணியில் முடிக்கவேண்டும், முடியாவிட்டால் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு வா என்று கூடவே ஒரு கடுதாசி.

பம்பை வாளியில் நிறுத்தி, காலால் மிதித்துப் பிடித்து நான் அடித்தேன். டிரைவர் குழாயைப் பிடித்தான். முதல் ஆடு மூக்கிலிருந்து வால்வரை உதறிற்று. ரெண்டாவதும் அப்படியே. ஒன்றுகூட மாட்டேன் என்று சொல்லவில்லை. ஏழு நிமிசத்துக்குள் இருபது லாரியில் ஏறிவிட்டது. கண்ணுசாமிக்கு வாயெல்லாம் பல்.

இருபத்தொன்றாவது ஆட்டை நிறுத்தும்போது அங்கமுத்து வந்து குழாய்மேல் கை வைத்தார்.

"சாமி, இது கேக்கறது இல்லீங்க. அடிக்கறது."

"யோவ் பெரியவரே, உதறுச்சா இல்லியா? உதறுச்சு. அவ்ளோதான்."

"எம்பட ஆடு சரின்னு சொல்லுலீங்களே."

கண்ணுசாமி சட்டைப் பையிலிருந்து கடுதாசியை எடுத்துக் காட்டினார். சீட்டைக் கொடு, இல்லையென்றால் ஒதுங்கு என்றார். அங்கமுத்து மடியை அவிழ்த்துச் சீட்டை எடுத்து நீட்டியேவிட்டார்.

பட்டிப் படலுக்கு அந்தப் பக்கம் நின்ற பாப்பாயி, "அதையுங் குடுத்துப்போட்டு ஆட்டை எங்கீங்க மேய்ப்பீங்க? உங்க தலையிலயா?" என்றாள்.

அங்கமுத்து சீட்டை இடது கையில் இடுக்கிக்கொண்டார். டிரைவர் கையிலிருந்த குழாயை வாங்கிக்கொண்டு, என்னை அடிக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். ஆட்டுக்குத்தான் என்று நினைத்து நானும் தம் பிடித்து அடித்தேன். தண்ணீர் நேரே போய்க் கண்ணுசாமி மூஞ்சியில் விழுந்தது. தொப்பி ஒரு பக்கம் போயிற்று. மனுசன் கண்ணை மூடிக்கொண்டு தலையை உதறினார், மீசையை உதறினார், தோள் ரெண்டையும் உதறினார். எந்த ஆடும் அப்படி உதறியதில்லை.

"சாமி சிலுப்பீட்டீங்க," என்றார் அங்கமுத்து. "வண்டியில ஏறிக்கறீங்களா?"

முதலில் டிரைவர் சிரித்தான், சிரித்துவிட்டு லாரிக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டான். நான் பம்பை விட்டுவிட்டு ரெண்டடி தள்ளி நின்றேன். பட்டாளத்துக்காரன் மேல் தண்ணீர் பீச்சினால் என்ன தண்டனையோ, யார் கண்டது. கண்ணுசாமி லாரிக்குள் பார்த்தார். நனைந்த இருபது ஆடும் அவரையே பார்த்தன. கையிலிருந்த பாரத்தைப் பார்த்தார். போட்ட குறியெல்லாம் மசி கரைந்து நீலமாக ஓடிக்கொண்டிருந்தது.

மூஞ்சியைத் துடைத்துக்கொண்டார். பிறகு அங்கமுத்து நீட்டின சீட்டை அவர் கையிலேயே மடித்து வைத்தார். பம்புத் தண்ணி பட்டால் பாரம் அழிஞ்சுபோகுது, இந்த வேலைக்கு லாயக்கில்லைன்னு எழுதிடறேன் என்று முனகினார். அந்த இருபதையும் கீழே இறக்கச் சொன்னார்.

சொம்பால் மறுபடி கேட்டபோது இருபதில் மூணு மாட்டேன் என்றுவிட்டன. சாயங்காலமாயிற்று. எழுபத்தொன்பது ஏறியாயிற்று, இன்னும் ஒன்று. அங்கமுத்துவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கண்ணுசாமி சொம்பை வாங்கி, கடைசி ஆட்டின் முதுகில் விரலால் நாலு சொட்டுத் தெளித்தார். அது அசை போட்டுக்கொண்டு நின்றது. லாரி உறுமிக்கொண்டிருந்தது.

அவில்தார் குனிந்து அதன் காதுகிட்டப் போய், ரொம்ப மரியாதையாக, "என்ன சொல்றீங்க?" என்றார்.